ஏற்றம் மிதித்தவள்

பாஞ்சாலி: ...இப்போ கிள்னேனே, தெரிஞ்சிதா?

மரகதம்: எங்க கிள்னீங்க அண்ணி?

பாஞ்சாலி: கால் சுண்டுவெரல்ல.

மரகதம்: அது நீங்களா? நான் எறும்புன்னு நெனச்சேன்.

பாஞ்சாலி: அப்போ உணர்ச்சி கீது.

மரகதம்: எறும்பு கடிச்சா தெரியிது. நாத்தனார் கடிச்சா தெரியல.

பாஞ்சாலி: முதுகெலும்பு ஒடிஞ்சி ஏழு மாசமா கெடக்கற. வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆவல.

மரகதம்: வாய்க்கும் மாவுக்கட்டு போடலாம்னு டாக்டரு பாத்தாரு. மார்லேர்ந்து இடுப்பு வரைக்கும் போட்டதுல மாவு தீந்து போச்சாம்.

பாஞ்சாலி: சிரிக்க வெக்காதடி. வாலாஜாபாத்துலேர்ந்து வெயில்ல வந்துக்கினு இருக்கேன். ஓரகடத்துல எறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்னேன். எதுக்கு? தம்பி பொண்டாட்டி எப்படிக் கீறான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போவலாம்னு.

மரகதம்: அதுக்கு மட்டுமா வந்தீங்க?

பாஞ்சாலி: பின்ன? இந்தா, கஞ்சியைக் குடி. வாயைத் தொற.

மரகதம்: சுடுது. ஆத்திக் குடுங்க.

பாஞ்சாலி: ராணி மாதிரி கேக்கறா பாரு.

மரகதம்: கல்யாணம் ஆன புதுசுல நீங்க எனக்கு ஒரு வாய் தண்ணி மொண்டு குடுத்ததில்ல. இப்போ ஊட்டி விடறீங்க. வுழுந்ததுல அது ஒண்ணு லாபம்.

பாஞ்சாலி: யாரு வுழச் சொன்னது உன்னை? எந்த ஊர்லயாவது பொம்பள ஏத்தம் மிதிப்பாளா? பிள்ளைப்பாக்கத்துலயே நீதான் மொத.

மரகதம்: பங்குனி வெயில்ல நவரை நெல்லு காஞ்சிக்கினு இருந்துது.

பாஞ்சாலி: காஞ்சா காயட்டும்னு வுட்டிருக்கணும். என் தம்பி எல்லப்பனுக்குக் காய்ச்சல். ரெண்டு நாள் பொறுத்திருந்தா அவனே மிதிச்சிருப்பான். அவன் பாவம், காய்ச்சலோட கெணத்தோரம் நின்னு கழியைப் புடிச்சி தண்ணி மொள்ற சாலைக் கெணத்துல எறக்கிக்கினு இருந்தான். மேல நீ ஆம்பள மாதிரி ஏத்த மரத்துல நடந்த. ஈரக் காலு வழுக்கிச்சி...

மரகதம்: ஊர்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க.

பாஞ்சாலி: ஊரு எங்கேர்ந்து பேசுது? நீ சொன்னதைத்தான் பேசுது.

மரகதம்: ஆமா. நான்தான் சொன்னேன்.

பாஞ்சாலி: ...இன்னொரு வாய் குடி.

மரகதம்: அண்ணி, நீங்க ஏத்தத்து மேல ஏறி பாத்ததில்லையே?

பாஞ்சாலி: எனக்கு இன்னா பைத்தியமா?

மரகதம்: ஏறுனா ஏரி முழுசாத் தெரியும். அந்தாண்ட கரையில மேயற மாடெல்லாம் பொம்மை மாதிரி இருக்கும். நான் மரத்துல முன்னாடி நடந்தா சால் கெணத்துக்குள்ள போவும். பின்னாடி நடந்தா தண்ணியோட மேல வரும். என் காலு சொன்ன பேச்சை அவ்ளோ பெரிய கெணறு கேட்டுது. இந்த வூட்டுல வேற யாரு கேட்டாங்க சொல்லுங்க.

பாஞ்சாலி: அதான் கடைசியில எங்க கொண்டாந்து போட்டுதுன்னு பாத்தியே. பலகையில.

மரகதம்: ஒடிஞ்ச முதுகுக்குப் பலகையில படுக்கறது நல்லதுன்னு ஞானம்மா சொல்லுவாங்க.

பாஞ்சாலி: எந்த ஞானம்மா?

மரகதம்: மெட்ராஸ் ஆஸ்பத்திரியில நர்சம்மா. பக்கத்துக் கட்டில்ல ஒரு கெழவி, "இவ இனிமே ஒரு மூட்டைதான், தூக்கி வெச்சா வெச்ச எடத்துல இருப்பா"ன்னு சொல்லிச்சி. ஞானம்மா வந்து, "மூட்டைக்கு முட்டி மடங்காது பாட்டி, இது மடங்குது பாரு"ன்னு என் காலை மடக்கிக் காட்டுனாங்க. அப்புறம் என் காதாண்ட குனிஞ்சி ஒண்ணு சொன்னாங்க.

பாஞ்சாலி: இன்னா சொன்னாங்க?

மரகதம்: அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?

பாஞ்சாலி: சொல்லுடி.

மரகதம்: முதுகு சொறியுது அண்ணி. அந்த விசிறிக் காம்பை எடுங்க. கீழ... இன்னும் கீழ... ஆங்.

பாஞ்சாலி: என் தலையெழுத்து. எங்க வூட்டு மாடு கூட என்னை இப்படி வேலை வாங்கல.

மரகதம்: இன்னும் கொஞ்சம் வலது பக்கம்.

பாஞ்சாலி: போதும். மரகதம், உன்னாண்ட ஒண்ணு பேசணும்.

மரகதம்: இப்போதான் ஓரகடம் பஸ்ஸு வந்து சேந்துது. பேசுங்க.

பாஞ்சாலி: நடவு வருது.

மரகதம்: ஐப்பசியில வராம எப்ப வரும்?

பாஞ்சாலி: குறுக்கப் பேசாத. அம்மாவால முன்ன மாதிரி முடியல. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், களத்துக்குக் கஞ்சி கொண்டு போவணும், உன்னைப் புரட்டிப் போடணும். ஒரு கெழவி எத்தினியைப் பாப்பா?

மரகதம்: ஒரு ஆளு வெச்சிக்குங்க.

பாஞ்சாலி: கூலிக்கு வர்றவ பொழுது சாஞ்சா போயிடுவா.

மரகதம்: பொழுது சாஞ்சாலும் போவாத ஆளா பாருங்க.

பாஞ்சாலி: அதான்... அந்த மாதிரி ஆளுதான்...

மரகதம்: சொல்லுங்க. நான் சொல்லட்டா? தாலி கட்டின ஆளு.

பாஞ்சாலி: ...யாரு சொன்னது உனக்கு?

மரகதம்: யாரும் சொல்லல. படுத்துக் கெடக்கறவ எதிர்ல எல்லாரும் எல்லாத்தையும் பேசறாங்க அண்ணி. அம்மிக்கல்லு எதிர்ல பேசற மாதிரி. அத்தை பேசுது, அவரு பேசறாரு, பால்காரன் கூட பேசறான்.

பாஞ்சாலி: உன்னை ஒண்ணும் தொரத்தப் போறதில்ல. உன் பலகை உனக்கு. உன் கஞ்சி உனக்கு.

மரகதம்: என் மூலை எனக்கு.

பாஞ்சாலி: கோவப்படாத. மூணு வருசமா ஒரு புள்ளயும் இல்ல. இனிமே இந்த இடுப்போட... நீயே யோசிச்சி பாரு.

மரகதம்: யோசிக்கறதைத் தவிர ஏழு மாசமா நான் வேற ஒரு வேலையும் செய்யல. பொண்ணு எந்த ஊரு?

பாஞ்சாலி: பென்னலூர். கங்கம்மான்னு பேரு. பத்தொம்போது வயசு. அடக்கமான பொண்ணு. உன்னையும் பாத்துக்குவா. நான் விசாரிச்சிட்டேன்.

மரகதம்: உங்க தம்பி இன்னா சொல்றாரு?

பாஞ்சாலி: அவன் இன்னா சொல்லுவான்? "அக்கா பாத்து செஞ்சா சரி"ங்கறான்.

மரகதம்: எப்பவும் அப்படித்தான். யாராவது பாத்து செஞ்சா சரி.

பாஞ்சாலி: ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. பொண்ணு வூட்டுல ஒரு பேச்சு சொல்லிட்டாங்க. மூத்தவ தன் கையால தாம்பூலம் குடுத்தாத்தான் வாங்குவாங்களாம். அவ மனசு நொந்தா புதுசா வரவளுக்கு ஆவாதாம். வெள்ளிக்கெழமை காலையில வராங்க. நீ ஒண்ணும் பண்ண வேணாம். படுத்தவாக்குல கையை நீட்டு. தட்டை நான் தாங்கிக்கிறேன்.

மரகதம்: படுத்துக்கினு தாம்பூலம் குடுத்தா மரியாதையா இருக்குமா?

பாஞ்சாலி: உன்னால உக்கார முடியாதே. அவங்களுக்கும் தெரியும்.

மரகதம்: கொஞ்சம் தள்ளிக்குங்க.

பாஞ்சாலி: எதுக்கு? ஏய்... இன்னா பண்ற? ஏன் ஒருக்களிக்கற? வுழுந்து கிழுந்து வெக்கப் போற... இரு, நான் புடிக்கிறேன்...

மரகதம்: புடிக்காதீங்க. புடிச்சா வுழுவேன். வுட்டா நிப்பேன்.

பாஞ்சாலி: மரகதம்...

மரகதம்: கத்தாதீங்க. பக்கத்து வூட்டு செல்லம்மா வந்துடப் போறா.

பாஞ்சாலி: நீ நிக்கிற.

மரகதம்: கொஞ்சம் கோணலா நிக்கிறேன். எடது பக்கம் சாயுதுல்ல? அந்தத் தூணைப் பாத்து நேராக்கிக்குவேன். இப்போ பாருங்க. நேரா கீதா?

பாஞ்சாலி: ...கீது. எத்தினி நாளா இது?

மரகதம்: ஆவணியில நின்னேன். புரட்டாசியில நடந்தேன். அத்தை கழனிக்குப் போனதும் தாழ்ப்பாளைப் போட்டுக்கினு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பேன். மொத நாளு தூணு வரைக்கும் போறதுக்குள்ள கண்ணு இருட்டிக்கிச்சி. செவுத்துல சாஞ்சி அழுதேன். அழுது முடிச்சிட்டு திரும்பவும் நடந்தேன்.

பாஞ்சாலி: ஞானம்மா காதுல சொன்னது இதானா?

மரகதம்: "நடக்கறப்ப யாரையும் பாக்க வெக்காத. பாக்கறவங்க உனக்கு முன்னாடி பயப்படுவாங்க. அந்த பயம் உன் காலுக்கு எறங்கும்"னாங்க.

பாஞ்சாலி: அம்மாவுக்குத் தெரியாது. எல்லப்பனுக்கும் தெரியாது. அப்போ என் கையால கஞ்சி ஊட்டிக்கினது, முதுகு சொறிஞ்சிக்கினது...

மரகதம்: அது ஆசைக்கு. நல்லா ஆத்திக் குடுத்தீங்க.

பாஞ்சாலி: அடிப்பாவி.

மரகதம்: உக்காருங்க. உங்களாலதான் உக்கார முடியும்.

பாஞ்சாலி: வலிக்கலியா உனக்கு?

மரகதம்: வலிக்கிது. தெனமும் வலிக்கிது. காத்தால எழுந்திரிக்கறப்ப கத்தி வெச்ச மாதிரி கீது. இனிமே சாவற வரைக்கும் வலிக்கும்னு டாக்டரு சொல்லிட்டாரு. சரி, வலி இருந்துட்டுப் போவட்டும், நான் எதுக்கு கூடவே படுத்துக் கெடக்கணும்?

பாஞ்சாலி: நின்னுட்டா ஆச்சா? நாத்து நட முடியுமா உன்னால? குனி பாக்கலாம்.

மரகதம்: குனிய முடியாது.

பாஞ்சாலி: பாத்தியா...

மரகதம்: குனியத்தான் முடியாது. ஏத்தம் மிதிக்கக் குனிய வேணாம். நிமுந்து நடந்தாப் போதும்.

பாஞ்சாலி: திரும்பவும் ஏறப் போறியா? பட்டது போதலியா உனக்கு?

மரகதம்: தை மாசம் ஏறுவேன். கீழ கழி புடிக்க செல்லம்மா வரேன்னு சொல்லிட்டா. ஊரே கூடி நின்னு வேடிக்கை பாக்கட்டும். நீங்களும் பஸ் ஏறி வாங்க.

பாஞ்சாலி: உன்னை இன்னா பண்றதுன்னே தெரியல எனக்கு. வெள்ளிக்கெழமை அவங்க வந்து வாசல்ல நிப்பாங்க. நான் வாக்கு குடுத்துட்டேன். நான் இன்னா சொல்லுவேன் அவங்களுக்கு?

மரகதம்: ஒண்ணும் சொல்ல வேணாம். வர மாட்டாங்க.

பாஞ்சாலி: ஏன் வர மாட்டாங்க?

மரகதம்: பொதங்கெழமை அத்தையும் உங்க தம்பியும் வாலாஜாபாத்துல உங்க வூட்டுக்கு வந்து இதைத்தானே பேசிக்கினு இருந்தாங்க? இங்க வூட்டுல நான் மட்டும்தான். செல்லம்மா புருசன் பென்னலூருக்கு வைக்கோல் ஏத்திக்கினு போனாரு. வண்டி மேல மல்லாந்து படுத்துக்கினேன்.

பாஞ்சாலி: பென்னலூர் போனியா?

மரகதம்: வானம் பூரா பாத்துக்கினே போனேன். தெரு முனையில எறங்கி, பொண்ணு வூடு வரைக்கும் நடந்தே போனேன். நடுவுல ரெண்டு எடத்துல நின்னேன், அவ்ளோதான்.

பாஞ்சாலி: அங்க போயி இன்னா பண்ண? அந்தப் பொண்ணு கால்ல வுழுந்தியா?

மரகதம்: குனியவே முடியாதுங்கறேன், கால்ல எங்க வுழறது?

பாஞ்சாலி: வெளாட்டு வேணாம். மண்ணை வாரித் தூத்துனியா?

மரகதம்: நல்ல பொண்ணு அண்ணி, அது. அதை ஏன் நான் தூத்தணும்? மணை போட்டுது. உக்கார முடியாதுன்னேன். அப்போ நானும் நிக்கறேன்னு என் எதிர்ல நின்னுக்கிச்சி. அது அப்பாவும் கதவாண்ட நின்னாரு. "எப்படிக்கா வுழுந்தீங்க"ன்னு கேட்டுது.

பாஞ்சாலி: ...நீ இன்னா சொன்ன?

மரகதம்: ஏன் அண்ணி உங்களுக்கு இப்படி வேத்துக் கொட்டுது?

பாஞ்சாலி: கால் வழுக்கிச்சின்னுதானே சொன்ன? மரகதம், அது நம்ம ரெண்டு பேருக்குள்ள... ஆஸ்பத்திரி வராண்டாவுல என் கையில அடிச்சி சத்தியம் பண்ணியேடி.

மரகதம்: பண்ணேன். இனிமே எழுந்திரிக்கவே மாட்டேன், இவங்க போடற சோறுதான்னு பயந்துக்கினு பண்ண சத்தியம் அது. எழுந்து நின்ன அன்னிக்கே அது போச்சி. அந்தப் பொண்ணுகிட்ட உள்ளதைச் சொன்னேன். அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல் இல்ல, விடியறதுக்குள்ள திருட்டுக் கள்ளு குடிச்சிட்டு வந்து நின்னாரு. என் காலு வழுக்கல. சால் நெறஞ்சி மேல வரப்ப தள்ளாடி கழியிலயே தொங்கிட்டாரு, ஏத்த மரம் நான் நின்ன பக்கம் எகிறி என்னைத் தூக்கிப் போட்டுது. இதை வெளியில சொல்லாதேன்னு கையைப் புடிச்சிக்கினு அழுதது எங்க நாத்தனாரு, ஏழு மாசமா பழியைத் தூக்கிக்கினு கெடந்தது நான்னு சொன்னேன். "அப்போ வெள்ளிக்கெழமை நாங்க வரல"ன்னு அது அப்பா அங்கியே சொல்லிட்டாரு.