பிலோமினா டீச்சரின் பல்வரிசை

...குடியை விட்டாச்சுன்னு இப்ப கை தூக்கினீங்களே, ரொம்ப சந்தோஷம். கையைக் கீழ இறக்குங்க. இந்த இடத்துல ஒரு டீச்சரோட பல்லைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும்னு தோணுது. சின்னக் கதைதான். கூட வந்திருக்கிற வீட்டம்மாக்களும் கேளுங்க.

திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அங்க பிலோமினான்னு ஒரு அறிவியல் டீச்சர். அருமையா பாடம் நடத்துவாங்க... ஆனா சிரிக்கவே மாட்டாங்க. முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறித் துருத்திக்கிட்டு இருக்கும். படிக்கிற காலத்துல கூடப் படிச்சவங்க அவங்களுக்கு வெச்ச பேரு என்ன தெரியுமா? 'தேங்காத்துருவி'. வேலைக்கு வந்து, கல்யாணமும் ஆகி... அந்தப் பேரு மட்டும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

கடைசியில துணிஞ்சு பல் டாக்டரம்மாகிட்ட போனாங்க. கம்பி கட்டலைங்க. கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு உறை, அலைனர்னு சொல்றாங்க. மேல்வரிசை, கீழ்வரிசை ரெண்டுலயும் மாட்டிக்கிட்டா வெளியே அவ்வளவா தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா பல்லை நேராக்கும்.

டாக்டரம்மா தெளிவாத்தான் சொன்னாங்க. "சாப்பிடும்போது கழட்டிடுங்க. சாப்பிட்டதும் பல் தேய்ச்சு, உறையையும் கழுவிட்டுத்தான் மறுபடி மாட்டணும். பல் இடுக்குல தினமும் நூல் விட்டு எடுங்க. மாட்டிக்கிட்டு இருக்கும்போது தண்ணி தவிர வேற எதுவும் குடிக்காதீங்க. உறைக்குள்ள அழுக்கு சேர்ந்தா எச்சில்கூட அதைக் கழுவாது, டீச்சர்."

"சரிங்க டாக்டர்"னு தலையாட்டிட்டு வந்தாங்க. வீட்டுல எல்லாம் ஒழுங்கா நடந்தது. பள்ளிக்கூடத்துல? முதல் நாள் மத்தியானம், டீச்சர்கள் எல்லாரும் வட்டமா உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறாங்க. இவங்க வாய்க்குள்ள விரலை விட்டு உறையைக் கழட்டுறாங்க... எச்சில் நூலா இழுக்குது. எதிர்ல இருந்த ஒருத்தர் சட்டுனு முகத்தைத் திருப்பிக்கிட்டார். அவ்வளவுதான்! இவங்களுக்கு உடம்பே கூசிப்போச்சு.

மறுநாள்ல இருந்து யாரும் பார்க்காம கழட்டுவாங்க. அவசரமா சாப்பிடுவாங்க. தேய்க்காம, கழுவாம அப்படியே மாட்டிக்குவாங்க. டீயா? உறையோடயே குடிச்சிடுறது!

பல்லு நேராக வந்துச்சா? வந்துச்சுங்க! அதுதான் ஆபத்து. பார்க்கிறவங்க எல்லாம், "டீச்சர், முகமே மாறிப்போச்சு!"ன்னு பாராட்டுறாங்க. வாழ்க்கையில முதல் தடவையா வகுப்புல வாய் விட்டுச் சிரிக்கிறாங்க. ஆனா காலையில பல் தேய்ச்சுத் துப்பினா... ரத்தம். என்ன செஞ்சாங்க? குழாயைத் திறந்துவிட்டு, கண்ணுல படறதுக்கு முன்னாடி அதை ஓட விட்டாங்க.

பக்கத்து நாற்காலி நூர்ஜஹான் டீச்சர். நல்ல சிநேகிதி. ஒருநாள் தனியாக் கூப்பிட்டு, "பிலோ, தப்பா நினைச்சுக்காத... உன் வாயில இருந்து வாடை வருது. ஈறும் வீங்கித் தெரியுது. டாக்டர்கிட்ட காட்டுடி"ன்னாங்க.

இவங்களுக்கு வந்ததே கோபம்! "நான் அழகாகிறது உனக்கே பொறுக்கலையா?"

நாற்காலியைத் தூக்கி வேற மேசைக்குப் போட்டுக்கிட்டாங்க. பேச்சே இல்லை.

அப்புறம் ஒருநாள் கொய்யாப்பழத்தைக் கடிச்சாங்க. கீழ்ப்பல் ஒண்ணு ஆடுச்சு. விரலை வெச்சுப் பார்த்தாங்க... கையோட வந்துடும் போல ஆடுது. உடனே டாக்டர்கிட்ட ஓடினாங்க.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "பல்லு நேரா வந்திருக்கு டீச்சர். ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற ஈறும் எலும்பும் அரிச்சுப் போயிருக்கு. இனிமே நகர்த்தினா மத்த பல்லும் போயிடும். நிறுத்திக்கலாம். முதல்ல ஈறு ஆறணும்"னாங்க.

"இந்தப் பல்லு?"

"எடுத்துத்தான் ஆகணும்."

எடுத்தாங்க. டீச்சர் வாயில பஞ்சைக் கடிச்சுக்கிட்டு அழுதாங்க. எதை நினைச்சு அழுதாங்க தெரியுமா? பல்லை நினைச்சு இல்லை. நூர்ஜஹானை நினைச்சு.

மறுநாள் மத்தியானம் நூர்ஜஹான் டீச்சர் முன்னாடி போய் நின்னாங்க. "நீ சொன்னப்பவே போயிருந்தா இந்தப் பல்லு இருந்திருக்கும் நூரு"ன்னாங்க. நூர்ஜஹான் டீச்சர் ஒரு வார்த்தை குத்திப் பேசலைங்க. "வா, பல்லு தேய்ச்சுட்டு வருவோம்"னு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பிள்ளைங்க டிபன் பாக்ஸ் கழுவுற குழாயடி. அத்தனை பிள்ளைங்களும் பார்க்க, டீச்சர் பல் தேய்ச்சாங்க. நூர்ஜஹான் பக்கத்துலயே நின்னாங்க.

பல மாசம் கழிச்சு ஈறு ஆறுச்சு. டாக்டரம்மா பார்த்துட்டு மறுபடி உறை மாட்ட அனுமதி கொடுத்தாங்க. அதுக்கப்புறம் அந்தக் குழாயடிக்குப் போகாத மத்தியானம் கிடையாது. கையில பிரஷ்... உள்ளங்கையில அந்த உறை. யார் பார்த்தா என்ன?

சகோதரர்களே... பல்லு கோணலா இருந்தப்போ டீச்சரோட ஈறு நல்லாத்தான் இருந்தது. எப்போ கெட்டது? நேராகிக்கிட்டு இருந்தப்போதான் கெட்டது!

நீங்களும் நானும் இப்ப நேராகிக்கிட்டு இருக்கோம். பாட்டிலைத் தொடலை. சொந்தக்காரங்க பாராட்டுறாங்க. ஆனா குடிச்சப்போ இருந்த அந்தக் கோபம்? வாய்க்கு வந்தபடி சொல்ற பொய்? பிள்ளைகளைப் பார்த்து ஓங்குற கை? 'அதான் குடிக்கலையே'ங்கிற உறையை மேல மாட்டிக்கிட்டு, உள்ளே அதையெல்லாம் அப்படியே வெச்சிருக்கோமா இல்லையா? அன்னன்னைக்கு உள்ளதை அன்னன்னைக்குக் கழுவலைன்னா, ஐயா... நம்மளைப் பிடிச்சு நிறுத்தியிருக்கிறதே அரிச்சுப் போயிடும்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். "நீ குடிக்கலை, சரிதான்... ஆனா உன்னைப் பார்த்து வீடு இன்னும் பயப்படுது"ன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? சொன்னதுக்காக அவங்களோட பேசாம இருக்கீங்களா? மனைவியா... தம்பியா... மகளா?

அவங்க இந்த மண்டபத்துலயே இருந்தா, எழுந்து போய் அவங்க பக்கத்துல உட்காருங்க. போங்க... நான் பேச்சை நிறுத்திட்டுக் காத்திருக்கேன்.