ஆறு வார்த்தைப் பெட்டி

இருந்தவர்கள்: தொண்டை அறுவைக்குப் பிறகு பேச்சுப் பெட்டியில் எழுத்தைத் தட்டிப் பேசும் தையல்கார அக்கா, செல்போன் பழுது பார்க்கும் தங்கை, பெட்டியை விற்ற கம்பெனியின் சேவை மையப் பொறுப்பாளர்.

— ...அதத்தான் சார் சொல்றேன், இந்தத் தாள் உங்க பெட்டியோடதான் வந்துச்சு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. படிங்க!

— ஏம்மா, பிரிச்சதும் குப்பையில போடறதுக்குன்னே வைக்கற தாள் அது.

— நான் படிச்சேன். 'மூலநிரல் வேண்டுவோர் வாங்கிய நாள்முதல் மூன்றாண்டுக்குள் கேட்டால் தரப்படும்.' ரசீதுத் தேதியைப் பாருங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடினா மூணு வருஷம் முடிஞ்சுது.

— மூலநிரல்னா பெட்டி ஓடறதுக்கு உள்ள எழுதியிருக்கற புரோகிராம் அத்தனையுமாச்சே! கம்பெனி சொத்தும்மா அது. வெளிய கொடுத்தா திருட்டு. என் சீட்டு கிழிஞ்சிரும்.

— உங்க கம்பெனி எழுதினதே இல்ல சார். எங்கெங்கேயோ இருக்கற நூறு பேர் எழுதி விட்டது. கட்டற்ற மென்பொருள்.

— அதான் இலவசமாச்சே! இலவசம்னா சொந்தக்காரன் கிடையாது. எடுத்துப் பெட்டியில போட்டா எடுத்தவனோடது.

— அடக் கடவுளே! எழுதினவங்களோட பதிப்புரிமை அப்படியேதான் இருக்கு. வித்துக்கோ, மாத்திக்கோ, ஆனா வாங்கினவங்க கேட்டா நிரலையும் கொடுத்துருன்னு சொல்லித்தான் விட்டிருக்காங்க. கொடுக்கலன்னாத்தான் திருட்டு.

— இருங்க, இருங்க. விக்கலாமா? இலவசத்தை விக்கறோமேன்னு நான் மூணு வருஷமா வீட்ல கூடச் சொல்லிக்காம இருக்கேன்!

— தாராளமா வித்துக்கோங்க!

— இந்தத் தம்பி நல்லவர் போலத் தெரிகிறார் ஆனால்

— ஆனால்? என்னம்மா, உங்க அக்கா 'ஆனால்'லயே நிறுத்திட்டாங்க?

— பெட்டி நிறுத்திருச்சு சார். ஆறு வார்த்தைக்கு மேல வராது. போன மாசம் பத்து வந்துச்சு. அதுக்கு முன்னாடி, அளவு கொடுக்க வந்தவங்களை அரை மணி நேரம் நிக்க வெச்சுப் பேசுவா. எங்க அடைச்சுக்குதுன்னு நிரலைப் பார்த்தா கண்டுபிடிச்சுடுவேன். பார்க்கலன்னா அடுத்த மாசம் மூணு. அப்புறம்...

— உங்களைத் திட்டுவதற்கே எனக்கு ஆறு வார்த்தை போதாது.

— போதும்மா. புரியுது. ஹெட் ஆபீசுக்குப் போன் போடறேன். ஹலோ... சார், ஒரு தாளு... ஆமா, அந்தக் குப்பைத் தாள்தான். அதுல நம்ம கம்பெனி முத்திரையே இருக்கு சார்... கேட்டா கொடுக்கணுமாம்... அப்படியா? சரி சார், சரி சார். ஏம்மா, கொடுக்கச் சொல்லிட்டார்! சர்வர்லயே கிடக்காம், இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கலியாம்!

— அக்கா! கொடுக்கறாங்க! அக்கா!

— அடியே கத்தாதே, எனக்கும் கத்தத்தான் ஆசை.

— பென்டிரைவக் கொண்டாங்க... எம்பது... தொண்ணூறு... ஏறிருச்சு! மணி நாலு அம்பத்தெட்டு!

— கையக் கொடுங்க சார்! நாங்க கிளம்பறோம்.

— நில்லுங்க, நானும் வர்றேன். விளக்கை அணைச்சாச்சு. படி பார்த்து... கதவைச் சாத்தியாச்சு. பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கறேன்... ம், விழுந்திருச்சு. இனிமே நான் கம்பெனி ஆள் இல்ல, ஒரு விஷயம் கேட்கறேன். இதை நீங்க சரி பண்ணினதும் எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தா அது திருட்டு இல்லையே? எங்கம்மாகிட்டயும் இதே பெட்டிதான். ஆறு மாசமா ஒரு வார்த்தை வரல.