சிவப்புப் பாவாடைக்கு அடியில்

இந்தப் பழைய திரைப்படச் சுவரொட்டிக் கண்காட்சிக்குத் தலைமை தாங்கும் எங்கள் சேகரிப்போர் மன்றத் தலைவர் குவால்தியேரோ அவர்களே, மீன் சந்தையைக்கூட மறந்து வந்திருக்கும் நம் கொமாக்கியோ ஊர்ப் பெரியோர்களே, விலாங்கு மீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் பின்னால் திரைபோட்டு மூடிய சட்டத்துக்குள் இருப்பது, நம் ஊர்க் கொட்டகையின் சுவரொட்டிகளில் மிஞ்சிய ஒன்றே ஒன்று. படகில் நிற்கும் நாயகி. அவள் முழங்காலை மறைத்து ஒட்டிய சிவப்புக் காகிதப் பாவாடை. பங்குத்தந்தை மிரட்ட, சுவரொட்டி ஒட்டும் ஒரெஸ்தே பயந்து மறைத்தார் என்பது ஊர்க்கதை. அன்றிலிருந்து அவர் பெயர் ‘பாதிரியாரின் தையல்காரன்’. அந்தப் பெயர் அவரோடு போயிற்றா? இல்லை. மகள் நீவெஸ் அம்மையாரின் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. கல்யாணப் பந்திக்கும் போயிற்று.

சுவரொட்டியைத் தர அம்மையார் சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு: பாவாடையை உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவார்.

தலைவர் விடவில்லை. “கறை, மடிப்பு, ஒட்டு, அந்தப் பாதிரியார் கதை எல்லாம் அதோட வயசு, அக்கா. வயசை அழிச்சா புதுசாகாது, பொய்யாயிடும்.”

“உங்களுக்கு அது வயசு, தம்பி. எனக்கு எங்கப்பா மேல ஒட்டின பட்டப்பேரு. உரிங்க.”

யார் சொல்வது சரி? சென்ற ஆண்டு வெளியூர்ச் சுவரொட்டி ஒன்றின் கறை நீக்கினோம், கசங்கல் நீக்கினோம், கன்னத்துக்குக்கூட வண்ணம் தீட்டினோம். பார்க்க வந்தவர் கேட்டார், “எந்த அச்சகத்துல போட்டீங்க?” சரி, கையே வைக்க வேண்டாம் என்று இன்னொன்றை அப்படியே மாட்டினோம். மழைக்காலம் முடிவதற்குள் நாயகிக்குப் பூஞ்சணத்தில் மீசை முளைத்தது. சிரிக்காதீர்கள், தலைவரைவிட அடர்த்தியான மீசை.

ஆகவே சீரமைப்பாளர் ஃபோஸ்காவிடம் கொடுத்தோம். பசையை நனைப்பதற்கு முன் அவர் சுவரொட்டியை விளக்குப் பலகைமேல் விரித்தார். அடியிலிருந்து வெளிச்சம் வந்தது. தலைவர், அம்மையார், ஃபோஸ்கா, நான் என நால்வரும் குனிந்தோம்.

“அக்கா, இங்க முழங்காலே இல்லையே,” என்றார் ஃபோஸ்கா.

“எங்க போச்சு?” என்றார் நீவெஸ்.

“ஒட்டுக்கு அடியில பேப்பரே இல்ல. பெரிய கிழிசல். கிழிசலைச் சுத்தி, ஒட்டு மறைச்ச இடத்துல பாருங்க, அச்சுலயே சிவப்புப் பாவாடை. கணுக்கால் வரைக்கும்.”

கேட்டீர்களா? நாயகி முதலிலேயே பாவாடைதான் கட்டியிருந்தாள். எந்தக் காற்று கிழித்ததோ, கிழிந்த இடத்தில் அதே சிவப்பைக் கலந்து, அறுந்துபோன பாவாடை மடிப்பைத் தொடர்ந்து வரைந்திருக்கிறார் ஒரெஸ்தே. அவர் மறைக்கவில்லை, மீட்டார். ஊர்தான் இல்லாத முழங்காலை இத்தனை காலம் எண்ணிப் பெருமூச்சு விட்டிருக்கிறது. பின்வரிசை பிரீமோ அவர்களே, ஒட்டுவதற்கு முன்பே நான் பார்த்தேன் என்று காப்பிக்கடையில் சத்தியம் செய்தீர்களே? என்ன சொல்கிறார்? அது வேறு படமாக இருக்குமாம். இருக்கட்டும்.

அசலைக் காண்போம் என்று உரித்திருந்தால் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? ஓர் ஓட்டை.

நீவெஸ் அம்மையார் வெகுநேரம் குனிந்தே நின்றார். “மடிப்பை நல்லா வரைஞ்சிருக்காரு,” என்றார். “தொடாதீங்க.”

“நான் அப்பவே சொன்னேன்லக்கா,” என்றார் தலைவர்.

“நீங்க சொன்னது பாதிரியார் கதைக்காக. சும்மா இருங்க. ஃபோஸ்கா, அந்த ஓரம் பிரிஞ்சு தொங்குது பாரு. அதை மட்டும் ஒட்டிடும்மா.”

அப்படியே ஒட்டினோம். சட்டத்தின் கீழே அம்மையார் சொல்லச் சொல்ல எழுதிய சீட்டு இருக்கிறது. ‘சீரமைப்பு: ஒரெஸ்தே. ஓரம் மட்டும்: ஃபோஸ்கா.’

காது கொடுத்த உங்களுக்கும், கதையை விட்டுக்கொடுத்த தலைவருக்கும் நன்றி. பிரீமோ அவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்வரிசைக்கு வரட்டும். நீவெஸ் அம்மையார் அவர்களே, வாருங்கள், உங்கள் அப்பாவின் திரையை நீங்களே விலக்குங்கள். வணக்கம்.