பெருவிரலுக்கும் நாணுக்கும் இடையில்

லண்டனில், டூட்டிங்கில் ரயில் ஏறிய தம்பதி என் எதிரே அமர்ந்தார்கள். மனைவியின் மடியில் பாதி திறந்த பை. உள்ளே நாண் பூட்டிய கொரிய வில்.

“நாணுக்கான இடைவெளியை உங்கட கையாலயோ அளந்தனீங்கள்?” என்று மனைவி கேட்டார்.

தானும் வில்லின் பிடியில் கையைப் பொத்தி வைத்துப் பெருவிரலை நிமிர்த்திக் காட்டினார். விரல் நாணைத் தொடவில்லை.

“ஓம், என்ர கையாலதான்.”

“அதுதான் இடைவெளி கூடி அம்பு இலக்குக்கு முன்னாலயே விழுது. ஒப்பரேஷனோட தோளில பலம் போயிட்டுதெண்டு வில்லையே விட இருந்தனான்.”

கணவர் நாணை விரலால் தொட்டார்.

“தெரிஞ்சுதான் நாணை முறுக்கி இடைவெளியைக் கூட்டினனான். நாண் கிட்ட இருந்தா உம்மட மணிக்கட்டில அடிக்குது. போன கிழமை நீலம் பாரிச்சுக் கிடந்ததெல்லே.”

“சொல்லியிருக்கலாமேயப்பா. நான் குளிக்கேக்க அழுதனான்.”

“அழுதனீரோ?”

“ஓம்.”

“இறங்கின உடன முறுக்கைக் குறைச்சு விடுறன்.”

“குறையுங்கோ. மணிக்கட்டுக்கு உங்கட சொக்ஸை வெட்டிக் கட்டுறன்.”

“புதுச் சோடியை வெட்டாதையும்.”

இன்னும் நிமிர்ந்திருந்த மனைவியின் பெருவிரலுக்கும் நாணுக்கும் இடையில் கணவர் தன் சுண்டுவிரலை வைத்தார். அது சரியாக அடங்கியது.

“இவ்வளவுதான் கூட்டினனான்.”

“இவ்வளவுக்கே அத்தனை அம்பும் விழுந்தது” என்றார் மனைவி, அந்த விரலை எடுக்க விடாமல்.