காவலாளிக்குக் கேட்காத சத்தம்

— இன்னும் எத்தனை வாட்டிதான் அந்தப் பூட்டை இழுத்துப் பாப்பீங்க? கதவோட வந்துரப் போகுது.

— வந்தா வரட்டும், இப்பவே தெரிஞ்சுடும்ல. திருடன் புகுந்த வீடு இது. மறந்துடாத.

— எங்க மறக்க விடறீங்க? அதுக்கப்புறம் மாட்டின இரும்புக் கதவு, கேமரா, தொட்டா ஊளையிடற அலாரம்... என் தம்பி பாவம், அது போட்ட கூச்சல்ல வாங்கிட்டு வந்த பழத்தைப் படியிலயே போட்டுட்டு ஓடிட்டான்.

— அப்போ அலாரம் நல்லா வேலை செய்யுது.

— பீரோவுல நகை இருந்துச்சு. மேஜை மேல லேப்டாப் இருந்துச்சு. அதையெல்லாம் விட்டுட்டு உங்க கரோக்கி மிஷினை மட்டும் தூக்கிட்டுப் போயிருக்கான். என்ன ரசனையோ.

— பாட்டோட அருமை தெரிஞ்சவன்...

— ஞாயித்துக்கிழமை உங்க கச்சேரி நின்னதுலேர்ந்து, கீழ் வீட்டு டீச்சர் அந்தத் திருடனுக்கு மாலை போடணும்னு தேடிட்டிருக்காங்க.

— சிரி, நல்லா சிரி. இன்னிக்கு அபார்ட்மெண்ட் மீட்டிங்ல ஒரு முடிவு கட்டறேன். வாட்ச்மேன் நாளையிலேர்ந்து வேண்டாம்.

— ...வேண்டாம்னா? வேலையை விட்டே அனுப்பறீங்களா?

— செகரட்டரி நான் சொன்னா மறுபேச்சு ஏது?

— அவரு பொண்ணு இப்பதான் நர்சிங் சேர்ந்திருக்கா.

— அதுக்கு? பட்டப்பகல்ல சுத்தியலால பூட்டை உடைச்சிருக்கான். கட்டடமே அதிர்ந்திருக்கும். கேட்ல உக்காந்திருந்தவனுக்குக் காது அடைச்சுப் போச்சா?

— சுத்தியல்னு எப்படித் தெரியும்?

— அது... பாத்தாலே தெரியாதா? நசுங்கிக் கிடந்துச்சே.

— கொஞ்சம் உக்காருங்க.

— நேரமாச்சு.

— உக்காருங்க. அன்னிக்கு எனக்குத் தலைவலின்னு ஆபீஸ்லேர்ந்து மத்தியானமே வந்துட்டேன். கதவுல பூட்டு தொங்குது. பூட்டுல சாவியும் தொங்குது.

— சாவியா?

— நாலு வாட்டி இழுத்துப் பாத்திருப்பீங்க. சாவியை எடுக்கத்தான் மறந்துட்டீங்க. மாசாமாசம் மீட்டிங்ல பாதுகாப்பைப் பத்திக் கட்டடத்துக்கே பாடம் எடுக்கற மனுஷன்.

— ஏன் அப்பவே சொல்லல?

— கொஞ்சம் தவிக்கட்டுமேன்னுதான். மிஷினைத் தூக்கி ஆட்டோவுல வெச்சேன், வீட்டைப் பூட்டினேன், உங்க சாவியையும் என் பையில போட்டுக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போயிட்டேன். சாயங்காலம் சொல்லலாம்னு வந்தா, வாசல்ல கட்டடமே கூடி நிக்குது. நடுவுல நீங்க, திருடனைப் பத்திப் பிரசங்கம்.

— அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?

— அத்தனை பேரு முன்னாடி எப்படித் திறக்கறது? அப்புறம்... ஞாயித்துக்கிழமையெல்லாம் வீடு அமைதியா இருந்துச்சு. பேசாம இருந்துட்டேன். தப்புதான். இப்ப நீங்க சொல்லுங்க. நான் பூட்டிட்டுப் போன பூட்டை யாரு உடைச்சது?

— அது... திருடன்...

— திருடன்தான் வரவே இல்லையே.

— வாசல்ல வந்து நின்னப்பதான் சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போனது உறைச்சுது. நீ வந்தா கேப்ப. ஆயுசு பூரா கேப்ப. அதான் நீ வர்றதுக்குள்ள உடைச்சுட்டு, புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்னு... மோட்டார் ரூம்லேர்ந்து சுத்தியலை எடுத்துட்டு வந்தேன். உள்ள போனா மிஷினைக் காணோம். சத்தியமா, சாவியை எடுத்தவன் திருடிட்டான்னுதான் நினைச்சேன்.

— அதைச் சொல்லாம, அவன் பூட்டை உடைச்சான்னீங்க.

— வேற எப்படிச் சொல்றது? செகரட்டரியே சாவியை விட்டுட்டுப் போனான்னு ஊரே சிரிக்கும்.

— ஊரு சிரிக்கக் கூடாதுன்னு அவரு வேலை போகணுமா?

— அதெப்படி... உடைச்சது நானாவே இருக்கட்டும். சத்தம் கேட்டா அவன் ஓடி வரணுமா இல்லையா? கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல?

— ஓடித்தான் வந்திருக்காரு. நேத்து நானே போய்க் கேட்டேன், அப்பவும் சொல்ல மனசில்லாம தலையைச் சொறிஞ்சாரு. "திருடனா இருந்தா விசில் ஊதியிருப்பேம்மா. ஐயா வேர்த்து விறுவிறுத்து அவரு வீட்டுப் பூட்டையே உடைச்சிட்டிருந்தாரு. நான் பாத்தது தெரிஞ்சா வெக்கப்படுவாரேன்னு வந்த வழியே இறங்கிட்டேன்"ங்கறாரு.