இரண்டு இருந்தால் இடுகாடு

எங்கள் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும். நீங்களும் வந்தவுடன் ஒரு சொம்பு குடித்தீர்கள், முகம் சுளிக்கவில்லை. மகளைத் தோட்டத்தில் புதைக்க அனுமதி கேட்டபோது சுகாதார ஆய்வாளர் முதலில் பார்த்தது இந்தக் கிணற்றைத்தான். கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே நாடா பிடித்து அளந்துவிட்டு, போதுமான தூரம் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு ஆறு வயது. மூளைக்காய்ச்சல். அணில் என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. குழியை என் கணவர்தான் வெட்டினார். பஸ் ஓட்டுகிற கை, மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. உள்ளங்கை கிழிந்தும் வேறு யாரையும் தொடவிடவில்லை. அவர் நல்லவர் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன்.

அவள் போன அடுத்த வருடமே, வீட்டை விற்கலாம் என்றார்.

"பின்கதவத் திறந்தாலே நெஞ்ச அடைக்குது. பாப்பாவையும் பொது இடுகாட்டுக்கு மாத்திடலாம். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வரலாம்."

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க அவள் என்ன விடுதியிலா படிக்கிறாள்? இருட்டென்றால் அவளுக்குப் பயம். தோட்டத்து விளக்கை நான் அணைப்பதே இல்லை. அங்கே யார் விளக்குப் போடுவார்கள்?

எங்கள் மதப் பெரியவரிடம் போனேன். "புதைச்ச மண்ணக் கிளறக் கூடாதும்மா. ஆனா பெத்த தகப்பனே கேட்டா, வேண்டாம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

அந்தச் சுகாதார ஆய்வாளரிடம் போனேன். அவர் வேடிக்கையாகப் பேசுகிற மனிதர்.

"ஒண்ணே ஒண்ணுன்னா எடுத்து மாத்த உத்தரவு கொடுத்துடுவாங்க. ரெண்டு இருந்தா சட்டப்படி குடும்ப இடுகாடு. அப்புறம் மந்திரியே வந்தாலும் தொட முடியாது. ரெண்டாவதுக்கு எங்கம்மா போறது?"

சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்தேன்.

முதலில் என்னைத்தான் நினைத்தேன். ஆனால் நான் போனால் விளக்குப் போட ஆளில்லை. என் கணவரோ கரண்ட் பில்லுக்குப் பயந்து வீடு முழுக்க விளக்கை அணைத்துக்கொண்டே வருகிறவர்.

அவருக்கு இதய நோய். மாத்திரையைத் தினமும் என் கையிலிருந்துதான் வாங்கிப் போட்டுக்கொள்வார், என்ன ஏதென்று பார்க்கமாட்டார். அவ்வளவு நம்பிக்கை. நான் விஷம் வைக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அதே நிறத்தில் சத்து மாத்திரை கிடைக்கிறது. மருந்துக்கடைக்காரர் உங்களிடம் சொன்னது சரிதான்; பழைய மாத்திரையை வாங்குவதை நிறுத்திவிட்டேன். மூச்சு வாங்குது என்றார். வயசாகுதுல்லங்க என்றேன்.

பின்கதவுக்குப் பக்கத்தில்தான் சாய்ந்தார். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "என்னையும் பாப்பா பக்கத்துலயே வச்சிடு" என்றார். பாருங்கள், அவருக்கும் சம்மதம்தான். அன்று நான் அழுதது நடிப்பு என்று அண்டை அயலார் சொல்கிறார்களாம். இல்லை. அந்த மனிதரோடு பதினான்கு வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

அவரைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க உத்தரவு கொண்டுவந்திருக்கிறீர்கள். நான் தடுக்கவில்லை, கொன்றது நான்தான். ஆனால் அவரை எடுத்துவிட்டால் அங்கே ஒன்றுதான் மிஞ்சும். அதனால் கேட்கிறேன். என்னைத் தூக்கில் போட்டால் உடலை இந்த வீட்டுக்குத்தானே அனுப்புவீர்கள்? அப்போது மறுபடியும் இரண்டாகிவிடும். விளக்குப் போடத்தான் யாரையாவது பார்க்க வேண்டும்.