பாஸ் கிட்டார் வாங்கும்போது தலையைப் பார்க்காதீங்க

பாஸ் கிட்டார் வாங்கப் போறீங்கன்னா முதல்ல அதோட தலையைப் பார்க்காதீங்க சார். கம்பெனி பேரை அங்கதான் போட்டிருப்பான். அதைப் பார்த்த நிமிஷமே காது வேலை செய்யறதை நிறுத்திடும். பதினேழு வருஷமா வாத்தியக் கடையில ரிப்பேர் பார்க்கறவன் சொல்றேன், நம்பலாம். நீங்க டீயைக் குடிங்க, ஆறிடப் போகுது. நான் நிதானமாச் சொல்றேன். எனக்கு ரெண்டு நாளா மனசுக்குள்ள ஒரே குஷி.

கடைக்கு வர்றவங்களை நீங்க பார்க்கணும். கழுத்தைத் தடவிப் பார்க்க மாட்டாங்க, தந்தியைத் தட்டிப் பார்க்க மாட்டாங்க. தலையில இருக்கற பேரைப் படிச்சுட்டு "ஆஹா, என்ன நாதம்"பாங்க. சத்தத்தைப் பெருசாக்கற ஆம்ப்ல ஒயரே சொருகியிருக்காது. நான் உள்ள போய் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சுட்டு வருவேன்.

என் தங்கச்சி புருஷன், எங்க மாப்பிள்ளை, அந்தக் கூட்டத்துக்கே தலைவர். ஹோட்டல் பேண்டுல பாஸ் வாசிக்கறவர். நல்ல கை, அதை மறுக்க மாட்டேன். ஆனா வாய் இருக்கே. "மச்சான், கம்பெனி பேர் இல்லாத கிட்டாரும் விறகுக்கட்டையும் ஒண்ணு"ம்பார், சாப்பாட்டு மேசையில, தங்கச்சி முன்னாடி, சிரிச்சுக்கிட்டே. நானும் சேர்ந்து சிரிப்பேன். மாப்பிள்ளை ஆச்சே.

விஷயம் என்னன்னா, நான் சொந்தமா ஒரு பாஸ் செஞ்சிருந்தேன். ரெண்டு வருஷ வேலை. பழைய கதவுப் பலகையில உடம்பு. கழுத்தை ஆறு தடவை செதுக்கினேன், ஆறாவதுதான் மனசுக்குப் பிடிச்சது. தங்கச்சிக்கு மட்டும்தான் தெரியும். தலையில பேரு கீரு எதுவும் கிடையாது. எனக்குப் பேர் மேல ஆசையே இல்லை சார், அதை மட்டும் நல்லா எழுதிக்கங்க. வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆள் அதை வாசிச்சுட்டு நல்லாயிருக்குன்னு சொல்லணும். அதுக்காக எதையும் கொடுத்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை புது பாஸ் வாங்க வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடை மூணாவது மாடி. பின்பக்கம் சாமான் ஏத்தற லிஃப்ட் ஒண்ணு இருக்கு. கதவுப் பூட்டு கெட்டு ரெண்டு மாசமாச்சு, லிஃப்ட் பெட்டி கீழே நின்னாலும் இழுத்தா திறந்துக்கும். சரி பண்ணுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம்.

"மாப்பிள்ளை, கண்ணைக் கட்டிக்கிட்டு வாசிங்க. காது எதைச் சொல்லுதோ அதை எடுத்துக்கங்க"ன்னேன்.

"விளையாடிப் பார்த்துடலாம் மச்சான்"னு தலையைக் குனிஞ்சு கொடுத்தார்.

துண்டைக் கட்டினேன். மூணு பெரிய கம்பெனி பாஸ், நாலாவதா என்னோடது. முதல் மூணுக்கும் "ம்", "பரவாயில்லை", "ம்"தான். நாலாவதை மாட்டினதும் தடிச்ச தந்தியை ஒரு தட்டு தட்டினார், அலமாரிக் கண்ணாடி அதிர்ந்துச்சு. கால் மணி நேரம் நிறுத்தவே இல்லை மனுஷன். "இதுதான் மச்சான். இதைக் கேட்டப்புறம் மத்தது எதுவும் வேண்டாம்"னார். வரிசையை மாத்தி மாத்திக் கொடுத்தேன், மூணு தடவையும் அதையே சொன்னார். எனக்குக் கால் தரையில நிக்கலை சார். அவர் முன்னாடியே சத்தமில்லாம ஒரு குத்தாட்டம் போட்டேன். அவருக்குத்தான் கண்ணு தெரியாதே.

துண்டை அவிழ்த்தேன். தலையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

"அட, இதுவா. என்ன மச்சான், பேரே இல்லாம இதை எப்படி மேடையில ஏத்தறது?"

நான் கோபப்படலை. கோபம்னு எழுதியிருந்தீங்கன்னா அடிச்சிடுங்க. கோபம் வந்தா கை நடுங்கும், முடிச்சுப் போட வராது. "கடைசியா ஒரே ஒரு தடவை"ன்னு துண்டைத் திரும்பக் கட்டினேன், முடி மாட்டிக்காம, பக்குவமா. என் பாஸைக் கழட்டி ஸ்டாண்டுல வச்சேன், கீறல் விழுந்தா மனசு தாங்காது. மூணுல எதுக்குப் பேர் ரொம்பப் பெருசோ அதை அவர் தோள்ல மாட்டினேன். ஆசைப்பட்டது கூடவே போகட்டுமே. லிஃப்ட் கதவைத் திறந்து வச்சேன். "கொஞ்சம் தள்ளி நின்னாத்தான் அடிநாதம் கேக்கும், பின்னாடி வாங்க மாப்பிள்ளை"ன்னேன். என் பேச்சைத் தட்ட மாட்டார். வாசிச்சுக்கிட்டே ஒவ்வொரு அடியா வந்தார். "இன்னும் ஒரு அடி"ன்னேன்.

ஒயர் பிடுங்கிக்கிச்சு, ஆம்ப்ல டப்புன்னு ஒரு சத்தம். முதலாளி வர்ற வரைக்கும் என் பாஸைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

அவர் சட்டைப் பையில கிடைச்சதுன்னு காலையில ஒரு பித்தளைத் தகடு காட்டினீங்க. சுண்டுவிரல் நீளம், அதுல என் பேரை வெட்டியிருக்கு. தங்கச்சி என் பாஸைப் பத்தி அவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாளாம். அதை வாங்கத்தான் வந்தாராம், தகட்டை என் கையாலயே மாட்டச் சொல்லணும்னு இருந்தாராம். சிரிச்சது சும்மா சீண்டத்தானாம். தங்கச்சி இங்க ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்லிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காம போயிட்டா. சின்னப் பொண்ணு, போகப் போகப் புரிஞ்சுக்குவா.

ஆமா சார், அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கீழே விழ வச்சது நான்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன். கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க. ஒரே ஒரு விஷயம், கேஸ் முடிஞ்சதும் அந்தத் தகட்டை என்கிட்ட கொடுத்துடுவீங்கல்ல? செதுக்கும்போதே தலையில அதுக்குன்னு அளவா ஒரு இடம் விட்டு வச்சிருக்கேன்.